வானத்துச் சாட்சிகள் – 9: இம்பாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

1986ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் தேதி, பிரெஞ்சு தேசத்துத் திராட்சை மதுவை ஏற்றிக்கொண்டு பாரிஸிலிருந்து தோக்கியோவை நோக்கிப் பறந்துகொண்டிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் சரக்கு விமானத்தின் தலைமை விமானி கெஞ்சு தெராவுச்சி, அலாஸ்காவின் இருண்ட ஆகாயத்தில் தம்மைத் தொடர்ந்து வந்ததாகக் கூறிய விசித்திர ஒளிகளைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். ரேடார் திரையில் தோன்றிய இரண்டாவது புள்ளி, அந்த விமானத்தின் எதிரொலியே பிளவுபட்டுத் தெரிந்ததாக இருக்கலாம் என்று அபிப்பிராயம் கூறிய அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், விமானியின் வாக்குமூலத்தை மெய்யென்றும் ஸ்தாபிக்காமல் பொய்யென்றும் தள்ளாமல், 1987ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தன் விசாரணையை முடித்துக்கொண்டது.

அலாஸ்காவிலிருந்து இனி நம் தேசத்து ஆகாயத்துக்கு வருவோம்.

1951ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி முற்பகல் 10 மணி 20 நிமிடத்துக்குப் புதுதில்லியில், ஒரு விமானப் பயிற்சிக் கழகத்தைச் சேர்ந்த 25 பேர் ஒருசேர வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அவர்களுள் தலைமை விமானப் பொறியாளரும் அவருடைய உதவியாளர் இருவரும் இருந்தார்கள். சுருட்டு வடிவத்தில், உலோகம்போல் மின்னிய ஒரு பொருள் வெண்புகை கக்கிச் சென்றதாகவும், வேகம் கூடியபோது அப்புகை கருமையாக மாறியதாகவும், மணிக்கு 1,000 மைல் என்று மதிக்கத்தக்க வேகத்தில் அது பெரியதொரு வளையம் இட்டதாகவும் அவர்கள் கூறினார்கள். அக்காலத்தில் நம் விமானப்படையிடம் இருந்த வேம்பயர் ஜெட் விமானத்தின் உச்ச வேகம் அதில் பாதிக்குச் சற்றே மேல்.

இந்தச் சம்பவம், இனம் தெரியாத பறக்கும் பொருள்களை ஆராய்ந்த அமெரிக்க விமானப்படையின் 'புளூ புக்' திட்டத்தின் பதிவேட்டில் ஏறியது. 1969ஆம் ஆண்டின் இறுதியில் அத்திட்டம் மூடப்பட்டபோது கணக்கில் இருந்த 12,618 சம்பவங்களுள், விளக்கம் காணப்படாதவை என்று ஒதுக்கப்பட்ட 701இல் தில்லிச் சம்பவமும் ஒன்று.

25 பேர், அனைவரும் தொழில் அறிந்தவர்கள், பட்டப்பகல். இவ்வளவு இருந்தும் ஏன் விளக்கம் இல்லை என்று வாசகர் கேட்கலாம். அப்பொருள் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதை எவரும் அளக்கவில்லை என்பதே காரணம். தூரம் தெரியாதவனால் வேகத்தைச் சொல்ல இயலாது. அருகில் மெதுவாகச் செல்லும் சிறு பொருளும், தொலைவில் அதிவேகமாகச் செல்லும் பெரும் பொருளும் கண்ணுக்கு ஒன்றேபோல் தோன்றும். ஆகவே அந்த 1,000 மைல் என்பது அவர்களுடைய நேர்மையான அனுமானமே தவிர, அளவை அல்ல.

இந்த ஒரு குறை, 72 ஆண்டுகள் கழித்து, தேசத்தின் வடகிழக்குக் கோடியில் மறுபடியும் தலைகாட்டியது.

* * *

2023ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

அகமதாபாத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டத்தைத் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. தேசத்தில் பாதிப் பேரின் கண் தொலைக்காட்சிப் பெட்டியில் இருந்த பிற்பகல் அது.

மணிப்பூரின் நிலையோ வேறு. அவ்வாண்டு மே மாதம் 3ஆம் தேதி மூண்ட இனக் கலவரத்தின் தீ அடங்காமல், பள்ளத்தாக்கும் மலையும் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தன. சுற்றிலும் மலைகள் அரண் செய்த அந்தப் பள்ளத்தாக்கின் நடுவே, 1891ஆம் ஆண்டு ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்ட மணிப்பூர் இளவரசர் பீர் திகேந்திரஜித்தின் பெயரைத் தாங்கிய இம்பால் விமான நிலையம் இருக்கிறது.

ஏறத்தாழ இரண்டரை மணிக்கு, நிலையத்தின் மேல் வானத்தில் இனம் தெரியாத ஒரு பொருள் நிற்கும் செய்தி விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை எட்டியது.

கோபுரத்தில் அமர்ந்திருக்கும் உத்தியோகஸ்தரின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். அவர் தத்துவ விசாரம் செய்பவரல்லர். வேற்றுலகத்தவர் உண்டா இல்லையா என்பது அவருக்கு அந்த நிமிடத்தில் பொருட்டே அல்ல. கொல்கத்தாவிலிருந்து இண்டிகோ விமானம் ஒன்று பயணிகளோடு நெருங்கிக்கொண்டிருக்கிறது. தரையில் வேறு விமானங்கள் புறப்படத் தயாராக நிற்கின்றன. வானத்தில் இருப்பது பலூனோ, ஆளில்லா விமானமோ, வேறெதுவோ, அது இறங்கும் விமானத்தின் பாதையில் குறுக்கிட்டால் விளைவது ஒன்றே. விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வானம், அனுமதியின்றி எவரும் எதையும் பறக்கவிடக் கூடாத எல்லை; 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் அதைத் தெளிவாக வகுத்திருக்கின்றன. எனவே அங்கே இருக்கும் பொருள் எதுவாயினும், இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

இறங்க அனுமதித்துவிட்டு விபரீதம் நேர்ந்தால் அதற்குப் பரிகாரம் இல்லை. வானத்தை மூடிவிட்டு, மூடியது வெறும் காற்றடைத்த பைக்காக என்று பிறகு தெரிந்தால் பரிகாசம் மிஞ்சும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாகவேண்டிய கணம் அது.

வானத்தை மூடுவது என்று முடிவாயிற்று.

என் மதிப்பில் அந்நாளின் மிக உயர்ந்த செயல் இதுவே. தெராவுச்சிக்குப் பின்னாளில் நேர்ந்த அவமானங்களையும், ஏளனத்துக்கு அஞ்சி வாய்திறவாமலே ஓய்வுபெற்ற விமானிகளையும் இத்தொடரில் கண்டுவந்திருக்கிறோம். இம்பால் நிலையத்தவர் அந்த அச்சத்துக்கு இடம் கொடுக்கவில்லை. தாம் கண்டதைக் கண்டபடி, 'இனம் தெரியாத பறக்கும் பொருள்' என்ற சொற்களாலேயே, நிலைய இயக்குநர் கையெழுத்திட்டு அறிக்கை வெளியிட்டார்.

கொல்கத்தா விமானம் முதலில் வானத்திலேயே வட்டமிடப் பணிக்கப்பட்டு, சுமார் 25 நிமிடங்களுக்குப் பின் குவாஹாட்டிக்குத் திருப்பப்பட்டது. மொத்தம் இரண்டு விமானங்கள் திசை மாறின. மூன்று விமானங்களின் புறப்பாடு தாமதமாயிற்று. உரிய அதிகாரிகளின் அனுமதி கிடைத்துப் போக்குவரத்து மீண்டும் தொடங்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் சென்றது.

அப்பொருள் மாலை நாலு மணி வரையில் வெறும் கண்ணுக்குத் தெரிந்ததென்றும், மேற்குத் திசையில் நகர்ந்து மறைந்ததென்றும் பத்திரிகைகள் எழுதின.

* * *

செய்தி ஷில்லாங்கில் உள்ள விமானப்படையின் கிழக்குப் பிராந்திய தலைமையகத்துக்குச் சென்றது.

சென்னைவாசிகளுக்கு ரஃபேல் விமானத்தை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் தேதி மெரினாக் கடற்கரையில் திரண்டவர்கள் அதன் முழக்கத்தைக் காதாரக் கேட்டவர்கள். அத்தகைய ரஃபேல் ஒன்று, மேம்பட்ட உணர்கருவிகளோடு இம்பாலின் மேல் தாழப் பறந்து தேடியது, ஒன்றும் தென்படவில்லை. பிறகு இரண்டாவது ரஃபேல் அனுப்பப்பட்டது. அதற்கும் ஒன்றும் தென்படவில்லை.

இம்பால் நிலையத்திலிருந்து வந்த கண்கூடான தகவலின்பேரில் தன் வான் பாதுகாப்பு ஏற்பாடுகளை இயக்கியதாகவும், அதன்பின் அந்தச் சிறிய பொருள் காணப்படவில்லை என்றும் விமானப்படை சுருக்கமாக அறிவித்தது. 'சிறிய பொருள்' என்ற அந்த வருணனையைத் தவிர, அதன் தன்மையைப் பற்றி அவ்வறிவிப்பில் ஒரு சொல்லும் இல்லை.

வெள்ளிக் கிரகத்தைப் பார்த்து மருண்டிருப்பார்கள் என்று சிலர் எளிதில் சொல்லிவிடக்கூடும். அது பொருந்தாது. அந்த நவம்பரில் வெள்ளி விடியற்காலைக் கிரகம். சூரியனுக்கு மூன்று மணி நேரம் முன்னதாக உதித்து, அவ்வாறே முன்னதாக மறைவது. கணக்கிட்டுப் பார்த்தால், இம்பாலில் அன்று பிற்பகல் இரண்டரை மணிக்கு முன்பே வெள்ளி மேற்கு மலைகளுக்குப் பின்னே இறங்கிவிட்டது.

பலூனாக இருக்கலாம் என்பது அதைவிட வலுவான அனுமானம். வடகிழக்கில் மார்கழியை ஒட்டிய நாட்களில் நாலரை மணிக்குள் அஸ்தமனம் ஆகிவிடும். எனவே இரண்டரை மணிக்கே சாய்ந்துவிட்ட வெயிலில், பளபளக்கும் பரப்புடைய எந்தப் பொருளும் நெடுந்தூரம் மின்னும். ஆயினும் ஒரு சிக்கல் உண்டு. அப்பருவத்தில் அங்கே உயர் வானத்துக் காற்று மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுவது. பலூன் காற்றின் வழியே கிழக்கே அல்லவா போகவேண்டும்? தாழ்ந்த உயரத்திலோ, மலையிடுக்குகளில் காற்று எத்திசையிலும் திரும்பக்கூடும். ஆக, அப்பொருள் தாழ இருந்திருந்தால் பலூன் என்ற அனுமானம் நிற்கும். உயர இருந்திருந்தால் விழும்.

உயரம் என்ன? தில்லியில் 1951இல் விடைபெறாத அதே கேள்வி.

ஆளில்லா விமானம் என்ற சந்தேகத்தையும் தள்ளுவதற்கில்லை. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி, இம்பால் மேற்கு மாவட்டத்துக் கௌத்ருக் கிராமத்தின்மீது ட்ரோன்களிலிருந்து வெடிகுண்டுகள் போடப்பட்டபோது, முந்தைய ஆண்டின் அந்த ஞாயிற்றுக்கிழமை பலருக்கும் நினைவில் வந்திருக்கும். வானத்தில் தெரியும் அந்நியப் பொருளைப் பற்றிய கேள்வி அங்கே பொழுதுபோக்கு விஷயமல்ல, உயிர்ப் பிரச்சினை.

* * *

இத்தகைய கேள்விக்கு விடை காணவே முடியாது என்று நினைப்பவர்களுக்கு, இதே தேசத்தில் விடை காணப்பட்ட ஒரு வழக்கைச் சொல்லவேண்டும்.

இடம் லடாக். பாங்கோங் ஏரியை அடுத்த தாக்குங் பகுதி. கடல் மட்டத்துக்கு மேல் 14,000 அடி. 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நம் ராணுவத்தினரும் இந்தோ-திபெத்திய எல்லைக் காவல் படையினரும், கீழ்வானத்தில் மஞ்சள் நிற ஒளிகள் தோன்றி, மெல்ல மேலெழுந்து, மணிக்கணக்கில் வானத்தைக் கடந்து மறைவதைக் கண்டு மேலிடத்துக்கு எழுதலானார்கள். எதிர்ப்புறம் சீனா. அவை உளவு பார்க்கும் ஆளில்லா விமானங்களாக இருந்தால்?

மலையுச்சிக்கு நடமாடும் ரேடார் கொண்டுசெல்லப்பட்டது. கண்ணுக்குத் தெரிந்த பொருள் ரேடாருக்குத் தெரியவில்லை. அலைவரிசைகளை அளக்கும் கருவி வைக்கப்பட்டது. எந்த அலையும் வரவில்லை. ஆளில்லா விமானம் ஒன்றை அதை நோக்கி ஏவினார்கள். தன் உச்ச உயரம் வரை ஏறியும் அது ஒளியை நெருங்கவில்லை. மர்மம் கூடிக்கொண்டே போயிற்று. 2013 பிப்ரவரி வரையிலான கணக்கில் 329 காட்சிகள் பதிவாயின. அவற்றுள் 155 எல்லை தாண்டி வந்தவை என்று குறிக்கப்பட்டன.

குளிரில் விறைத்த கைகளோடு, சலியாமல், ஒவ்வொரு காட்சியையும் குறித்துவைத்த அந்தச் சிப்பாய்களை நான் மனதார வணங்குகிறேன். அவர்களுடைய அந்தச் சிரத்தையே வழக்கைத் தீர்த்தது.

குறிப்புகள் பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கைக்கு வந்தன. பொருள் விண்ணைச் சேர்ந்ததா மண்ணைச் சேர்ந்ததா என்று தீர்மானிப்பதே தங்களுக்கு இடப்பட்ட பணி என்றார் அந்நிறுவனத்தின் வானியலாளர் துஷார் பிரபு. எத்தனை மணிக்கு, எத்திசையில், அடிவானத்திலிருந்து எவ்வளவு கோணத்தில் என்ற விவரங்களைக் கிரகங்களின் நிலைகளோடு ஒப்பிட்டதும் மூடுபனி விலகியது. முன்னிரவில் கிழக்கே எழுந்தது வியாழன். வைகறையில் எழுந்தது வெள்ளி. அவ்வாண்டு டிசம்பர் தொடக்கத்தில் சூரியனுக்கு நேர் எதிரே நின்ற வியாழன், மெல்லிய வறண்ட மலைக்காற்றில், சமவெளியில் நாம் காண்பதைவிடப் பிரகாசமாக ஜொலித்தது. ரேடார் ஏன் காணவில்லை என்பதும், ஏவிய விமானம் ஏன் எட்டவில்லை என்பதும் உடனே விளங்கின. கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள கிரகத்தை எந்த விமானம் துரத்திப் பிடிக்கும்?

இந்த விடை 2013ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்தது. மூன்று மாதம் முன்புதான், ஏப்ரல் நடுவில், லடாக்கின் தெப்சாங்கில் சீனப் படையினர் கூடாரமடித்து, மூன்று வாரம் இரு சேனைகளும் எதிரெதிரே நின்றிருந்தன. அத்தகைய சமயத்தில் ஒரு கிரகத்தைப் பகைவனின் விமானம் என்று கருதிச் சுடத் துணிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே நெஞ்சு நடுங்குகிறது.

சென்னை வாசகர்கள் பெருமை கொள்ளவேண்டிய ஒரு செய்தியையும் இங்கே சொல்லவேண்டும். லடாக்கின் மர்மத்தைத் தீர்த்த அந்த நிறுவனத்தின் பூர்வீகம் நம் நுங்கம்பாக்கம். 1792ஆம் ஆண்டு அங்கே எழுந்த மதராஸ் வானாய்வுக்கூடம்தான் கோடைக்கானலுக்கும், பின்னர் ஜவ்வாது மலையின் காவலூருக்கும், லடாக்கின் ஹான்லேவுக்கும் கிளைவிட்டது. அந்தப் பழைய கூடத்தில் உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874ஆம் ஆண்டு வெள்ளி சூரியனைக் கடக்கும் அற்புதத்தை நம்மவர்க்கு விளக்கப் புத்தகமே எழுதினார்.

* * *

தேர்ந்த விமானிக்குக் கிரகம் தெரியாதா என்று கேட்பவர்களுக்கு, கனடா போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை அறிக்கை ஒன்று பதில் சொல்லும். 2011ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி, டொராண்டோவிலிருந்து ஜூரிக் நோக்கி அட்லாண்டிக் சமுத்திரத்தின்மேல் பறந்த ஏர் கனடா விமானத்தில், சிறு துயிலிலிருந்து கண்விழித்த துணை விமானி, முதலில் வெள்ளிக் கிரகத்தையே எதிரே வரும் விமானம் என்று எண்ணினார். பிறகு, கீழே பத்திரமான இடைவெளியில் உண்மையாகவே எதிர்ப்பட்ட அமெரிக்க விமானப்படை விமானம், தங்கள்மீது பாய்வதாக அவருக்குத் தோன்றியது. விசையைத் தள்ளி விமானத்தைக் கீழே பாய்ச்சினார். தலைமை விமானி அதை மீட்பதற்குள் பயணிகள் 14 பேரும் விமானப் பணியாளர்கள் இருவரும் காயமுற்றார்கள்.

கண்ணின் இயல்பே அப்படி. நம் அம்பத்தூர்க் கள்ளிக்குப்பத்தில் அந்தி சாய்ந்தபின் மொட்டை மாடியில் நின்று தெற்கே நோக்கினால், மீனம்பாக்கத்துக்குப் போகும் விமானங்களுள் நமக்கு நேர்முகமாகத் திரும்பும் ஒன்றன் விளக்கு, அசையாத நட்சத்திரம்போல் வெகுநேரம் ஓரிடத்திலேயே நிற்பதைக் காணலாம். அது பக்கவாட்டில் திரும்பிய பிறகே விமானம் என்று தெளியும். அம்பத்தூர் ஏரிக்கரையில் நிற்பவருக்கும் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவருக்கும் இந்த விஷயத்தில் கண் ஒன்றுதான்.

ஆகையால் பிழை, பார்த்தவரைப் பொய்யர் என்று சொல்வதற்குக் காரணமாகாது. பிழையையும் உண்மையையும் பிரித்தறிய, பார்த்த மாத்திரத்தில் எழுதப்பட்ட நேரமும் திசையும் கோணமும் வேண்டும். அவற்றை வாங்கிவைக்க ஓர் அலுவலகம் வேண்டும். சிலி தேசத்தில் சிவில் விமானப் போக்குவரத்து நிர்வாகமே அத்தகைய அலுவலகத்தை நடத்துகிறது. பிரான்சில் 1977 முதல் விண்வெளி ஆய்வு நிறுவனம் அப்பணியைச் செய்துவருகிறது. இம்பால் சம்பவத்துக்கு இரண்டு மாதம் முன்பு, 2023 செப்டம்பர் 14ஆம் தேதி அறிக்கை தந்த நாசாவின் நிபுணர் குழுவும், நம்பத்தக்க அளவைகள் இல்லாமையே பெருங்குறை என்றும், பயணிகள் விமானங்களை ஓட்டுபவர்கள் ஏளனத்துக்கு அஞ்சாமல் தகவல் தர, ஏற்கெனவே இருக்கும் விமானப் பாதுகாப்புத் தகவல் அமைப்பையே பயன்படுத்தலாம் என்றும் கூறியது.

லடாக்கில் சிப்பாய்களின் குறிப்பேடு வானியலாளரிடம் போயிற்று. இம்பாலில் கோபுரத்தின் குறிப்பேடும் அவ்வாறு போகவேண்டும் என்பதே என் விண்ணப்பம். எத்தனை பேர், எந்தெந்த இடத்திலிருந்து பார்த்தார்கள் என்ற விவரம் இருந்தால், இரண்டு இடங்களிலிருந்து கண்ட கோணங்களைக் கொண்டு அப்பொருளின் உயரத்தை ஒரு பள்ளி மாணவன் கணக்கிட்டுவிடுவான். உயரம் தெரிந்தால் காற்றும், காற்றுத் தெரிந்தால் பலூனா அல்லவா என்பதும் தெரிந்துவிடும்.

* * *

ஆனால் இம்பாலில் ஒரு வினோதம் இருக்கிறது. அங்கே கண் கண்டது, கருவி காணவில்லை.

இதற்கு நேர்மாறான இரவு ஒன்று உண்டு. 1956ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் தேதி இரவு, இங்கிலாந்தின் பென்ட்வாட்டர்ஸ், லேக்கன்ஹீத் ஆகிய விமானத் தளங்களில் ரேடார் திரைகள் ஏதோ ஒன்றைக் கண்டன. அதைத் துரத்த ஏவப்பட்ட போர் விமானத்தின் ரேடாரும் அதைக் கண்டது. பல ஆண்டுகள் கழித்து இவ்வழக்கை எடுத்து ஆராய்ந்தது, இத்தகைய செய்திகளில் விஞ்ஞானத்துக்குப் பயன் ஏதுமில்லை என்று முடிவாகச் சொன்ன அமெரிக்காவின் காண்டன் ஆய்வுக் குழு. ஆனால் இந்த வழக்கைப் பற்றி அக்குழு தன் அறிக்கையில் எழுதிய வாசகம், அதன் தலைவர் கூறிய முடிவுக்கு ஒத்துவரவில்லை.

கண்ணை நம்பாதே, கருவியை நம்பு என்று சொல்லிவந்தவர்கள், கருவி கண்டபோது ஏன் தயங்கினார்கள்?

(அடுத்த வாரம்: லேக்கன்ஹீத் இரவு)